தொட்டிக்கட்டு வீட்டில் வெயிலின் கணக்கு

பண்டைய வீடொன்றின் அடித்தளமும் சுவரும் அகழாய்வில் வெளிப்பட்டுவிட்டாலும், அதனுள் எந்தப் பருவத்தில், எந்த வேளையில், எவ்வளவு வெளிச்சம் பரவியது என்பதைக் கணக்கிட்டே மீட்க வேண்டியிருக்கிறது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தில், கைசிலியஸ் யுகுண்டஸ் என்னும் வங்கியாளரின் வீட்டைச் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேசர் கருவியால் அளந்து கணினியில் முப்பரிமாணமாக எழுப்பியுள்ளனர்; இத்தகைய மாதிரியின் மேல் சூரியனை நாள்தோறும் நகர்த்தி உள்ளே விழும் ஒளியை அளப்பதே பகலொளி மீட்டுருவாக்கம் ஆகும்.

ரோமானிய வீட்டின் முன்கூடமான ஆட்ரியத்தின் கூரை நடுவில் திறந்திருக்கும். நான்கு சரிவுகளிலும் வழியும் மழைநீர் அதன் நேர்கீழே உள்ள தொட்டியில் இறங்கும். நெய்வேலி நகரியத்தைச் சூழ்ந்த கடலூர் மாவட்டத்தின் தொட்டிக்கட்டு வீடுகளிலும் நாட்டு ஓட்டுத் தாழ்வாரங்கள் நாற்புறமிருந்தும் முற்றத்தை நோக்கியே சரிவதால், அதே கணக்கை இங்கும் போடலாம். வடிவம் ஒத்திருந்தும் விடை வேறாக வருவதுதான் இதில் மிகச் சுவையான செய்தி. பொம்பெய் ஏறத்தாழ 40.7 பாகை வட அட்சரேகையிலும் நெய்வேலி 11.5 பாகையிலும் இருப்பதால், டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து அங்கே ஏறத்தாழ 26 பாகையும் இங்கே 55 பாகையும் உயர்கிறது. கூரைத் திறப்பு தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அதன் வடக்கு விளிம்பை உரசி நுழையும் கதிர் அங்கே தடையின்றி 6 மீட்டருக்கு மேல் உட்புகும். இங்கே ஏறத்தாழ 2 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். ஏப்ரல் 20, ஆகஸ்டு 23 ஆகிய நாள்களையொட்டி நெய்வேலியின் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், அவ்வேளையில் வெயில் முற்றத்தின் எல்லையைத் தாண்டுவதே இல்லை. பொம்பெய்க்கு அத்தகைய உச்சிப்பொழுது என்றுமே வாய்ப்பதில்லை.

ஆகவே நம் வீட்டுக் கூடத்துக்கு நண்பகலில் வருவது பெரும்பாலும் முற்றத்துத் தரையிலும் சுவரிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியே. புதிதாக அடித்த சுண்ணாம்பு வெள்ளை தன்மேல் படும் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அடர்சிவப்புப் பூச்சோ கால் பங்கைக்கூட அனுப்புவதில்லை. கணினிக்குச் சுவரின் நிறத்தைப் பிழையாகக் கொடுத்தால் விடை முழுவதும் பிழையாகிவிடும். பொம்பெய்யில் கூரைகள் பெரும்பாலும் இடிந்தும் சுவரோவியங்கள் மங்கியும் போனதால், அங்கே இவ்விரண்டையும் சான்றுகளின் துணையோடு ஊகித்தே அமைக்கிறார்கள்.

தொட்டிக்கட்டு வீடுகளில் பல இன்னும் கூரையோடு நிற்கின்றன. ஒளியின் அளவை எண்ணாகக் காட்டும் லக்ஸ் மீட்டரைக் கூடத்தில் வைத்து, கணினி சொன்னதை அங்கேயே சரிபார்க்க முடியும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஊர்களே இடம்பெயர்ந்த இப்பகுதியில், எஞ்சியுள்ள வீடுகள் இடிபடுவதற்கு முன்னரே ஓட்டுச் சரிவு, திறப்பின் உயரம், பூச்சின் நிறம், வாசலின் திசை ஆகிய நான்கையேனும் அளந்து பதிந்துகொள்வது அவசரமான பணி.