அலை ஓய்ந்தது, அல்லல் ஓயவில்லை
கருவிலேயே ஜிகா வைரஸ் தாக்கிய பிரேசில் குழந்தைகளை உலகம் மறந்துவிட்டது. தாய்மார்கள் மறக்க முடியாது.

ஒரு டம்ளர் பால் புகட்ட ஒரு மணி நேரம் ஆகலாம். கொஞ்சம் பிசகினாலும் புரையேறும். பால் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா, மீண்டும் ஆஸ்பத்திரி. பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களான பெர்னாம்புகோவிலும் பராய்பாவிலும் பல தாய்மார்களின் பொழுது இப்படித்தான் கழிந்தது.

2015 பிற்பகுதியில் பெர்னாம்புகோவின் தலைநகர் ரெசிஃபெயில் தலை மிகச் சிறுத்த குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. ஆபத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் குழந்தை நரம்பியல் நிபுணர் வனெஸ்ஸா வான் டெர் லிண்டன். தாய்மார்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் உடலெங்கும் தடிப்பு வந்து போயிருந்தது. பராய்பாவில் டாக்டர் அட்ரியானா மெலோ பரிசோதனைக்கு அனுப்பிய பனிக்குட நீரில் ஜிகா வைரஸ் சிக்கியது. கொசு பரப்பும் வைரஸ், தாயிடமிருந்து கருவுக்குப் போயிருந்தது. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அது விலக்கப்பட்டது. கேமராக்களும் கிளம்பிவிட்டன.

ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சிறுத்த தலை வெளி அடையாளம் மட்டுமே. வளரும் மூளையின் செல்களையே வைரஸ் அழித்திருந்தது. பராய்பாவில் 2017இல் இரண்டு வயதை நெருங்கிய 19 குழந்தைகளைப் பரிசோதித்தபோது 15 பேருக்குக் கை கால் இயக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது. 13 பேர் ஒலிக்குச் சரியாகத் திரும்பவில்லை. 11 பேருக்கு வலிப்பு. 10 பேருக்குத் தூக்கமில்லை. 9 பேருக்குச் சாப்பிடுவதே சிரமம். ஒரே குழந்தைக்குப் பல குறைகள் இருந்தன.

பல குழந்தைகளுக்கு விழித்திரையில் தழும்பு. தசைகள் விறைத்து இடுப்பு மூட்டு நழுவுவதும் உண்டு. பிறக்கும்போது தலை சரியான அளவில் இருந்த சிலருக்குக்கூட மாதங்கள் கழித்து வளர்ச்சி குன்றியது தெரியவந்தது. பிறவி ஜிகா பாதிப்புள்ள குழந்தைகள் மூன்று வயதுக்குள் இறக்கும் விகிதம் மற்ற குழந்தைகளைப் போல் சுமார் 11 மடங்கு என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிகிச்சை என்றால் வலிப்பு மாத்திரை, பிசியோதெரபி, விழுங்கப் பயிற்சி. முடியாதபோது வயிற்றில் உணவுக் குழாய். மூளை இழந்ததைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. கிராமங்களிலிருந்து குழந்தையைச் சுமந்துகொண்டு நகரத்துக்கு வருவதற்காக வேலையை விட்ட தாய்மார்கள் ஏராளம். கணவன் பிரிந்துபோன வீடுகளும் உண்டு.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2020 சட்டம் குழந்தைகளுக்கு ஆயுள்கால ஓய்வூதியம் தந்தது: மாதம் ஒரு குறைந்தபட்ச ஊதியம். 2025இல் ஜனாதிபதியின் வீட்டோவை நாடாளுமன்றம் ரத்து செய்ய, 50,000 பிரேசில் ரியால் இழப்பீடும் கூடுதல் ஓய்வூதியமும் சட்டமாயின. அதற்குள் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தியாவுக்கு இது வேறு யாருடைய கதையோ அல்ல. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் ஜிகாவையும் பரப்புகிறது. 2018இல் ஜெய்ப்பூர், 2021இல் கேரளமும் கான்பூரும், 2024இல் புனே என்று அது இங்கும் தலைகாட்டியிருக்கிறது. தடுப்பூசி இன்னும் வரவில்லை. வீட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும், கர்ப்பிணியின் லேசான காய்ச்சலைக்கூட அலட்சியப்படுத்தாததும்தான் இப்போதைக்குக் கையில் உள்ள பாதுகாப்பு.