கூலியும் கூட்டாளியும்

கூடுதல் பணம் தந்தால் தொழிலாளி கூடுதலாக உழைப்பார் என்ற எளிய கணக்கின் மீதே ஊக்கத்தொகைத் திட்டங்கள் பலவும் அமைகின்றன. ஆயினும் அக்கணக்கு பலிப்பது, பணத்தின் அளவோடு, தொழிலாளர் தம் கூட்டாளிகளையும் நிர்வாகத்தையும் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதையும் பொறுத்தது என்று அமெரிக்காவில் நடந்த மூன்று ஆய்வுகள் காட்டுகின்றன.

சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில், தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி பொருத்தும் பிரிவைச் சேர்ந்த 14 ஆண்கள், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை தனி அறையில் கூர்ந்து நோக்கப்பட்டனர். குழு முழுவதும் முடித்த வேலையைக் கொண்டே கூலி கணக்கிடப்பட்டதால், வேகம் கூடினால் அனைவருக்கும் வருவாய் கூடியிருக்கும். அவர்களோ, ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு, அதை மீறி விரைந்தவரைக் கேலி செய்தும் புயத்தில் குத்தியும் அடக்கியதோடு, மிகவும் பின்தங்கியவரையும் இடித்துரைத்தனர். உற்பத்தி உயர்ந்தால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சம், பெருமந்தம் நிலவிய அக்காலத்தில், ஊக்கத்தொகையின் ஈர்ப்பை வென்றது.

இதற்கு நேர்மாறானது சேஃப்லைட் நிறுவனத்தின் அனுபவம். கார்க் கண்ணாடி பொருத்தும் அந்நிறுவனம் 1994, 1995 ஆம் ஆண்டுகளில், மணிக்கூலியைக் கைவிட்டு, பொருத்திய ஒவ்வொரு கண்ணாடிக்கும் பணம் தரும் உருப்படிக் கூலிக்கு மாறியபோது, ஆள் ஒருவருக்கான உற்பத்தி 44 விழுக்காடு உயர்ந்ததாகவும், அதில் ஏறத்தாழப் பாதி அதே ஆட்களின் கூடுதல் உழைப்பால் வந்ததாகவும் பொருளியலாளர் எட்வர்ட் லாசியர் 2000இல் எழுதினார். அங்கே ஒவ்வொருவரும் தனித்து வேலை செய்ததால் அவரவர் பங்கு துல்லியமாகத் தெரிந்தது. வேலை மந்தமானாலும் குறைந்தபட்சக் கூலி உறுதியாகக் கிடைத்தது.

கலிஃபோர்னியாவின் நாப்பா நகரில் இயங்கிய கோரெட் ஆடைத் தொழிற்சாலையில், தனியாள் உருப்படிக் கூலிக்குப் பதிலாகக் குழுக் கூலி 1990களில் புகுத்தப்பட்டது. பிறர் உழைப்பில் குளிர்காயும் போக்கு பெருகி உற்பத்தி சரியும் என்பதே இத்தகைய மாற்றத்தில் வழக்கமான எதிர்பார்ப்பு. ஆனால் சராசரி உற்பத்தி 14 விழுக்காடு உயர்ந்ததோடு, திறன்மிக்க தையல் தொழிலாளர்களே வருவாய் குறையக்கூடிய நிலையிலும் முதலில் குழுக்களில் சேர்ந்தனர் என்று 2003இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒருவர் தைத்த துணி அடுத்தவர் கைக்குச் செல்லும் தொழிலில், தேங்கிய இடத்துக்கு உதவுவதும் கைப்பழக்கத்தைக் கற்றுத்தருவதும் குழுக் கூலியில்தான் அனைவருக்கும் பயன் தந்தன.

ஆகவே, ஊக்கத்தொகை எவ்வளவு என்று முடிவுசெய்வதற்கு முன், வேலையை ஆளுக்கு ஆள் பிரித்து எண்ண முடியுமா என்பதையும், இன்றைய கூடுதல் உழைப்பு நாளைய கூலிக்குறைப்புக்குக் காரணமாகாது என்று தொழிலாளர் நம்புகின்றனரா என்பதையும் நிர்வாகம் ஆராய வேண்டியுள்ளது.