எருமையின் நாட்காட்டியும் நம் வீட்டுப் பாலும்

சித்திரை பிறந்துவிட்டால், வட இந்திய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு முறையீடு எழுவது வழக்கம். பால் குளிர்காலத்தைப் போல் இல்லை, காபி ருசிக்கவில்லை, பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பதே அது. பால்காரர்களுள் குற்றமுடையோரும் இருக்கலாம். ஆயினும், மார்கழியில் பால் பெருகுவதற்கும் கோடையில் அருகுவதற்கும் மூலகாரணம் அவர்களல்லர், எருமையே.

பசு ஆண்டின் எம்மாதத்திலும் சினைப்படக்கூடியது. எருமையின் இயல்பு வேறு. வட நாட்டில் பகல் குறுகி இரவு நீளத் தொடங்கும் புரட்டாசி முதல் தை, மாசி வரையில்தான் அது மிகுதியாகச் சினைப்படுகின்றது. இருளில் சுரக்கும் மெலட்டோனின் என்னும் இயக்குநீர், இரவின் நீளத்தை அதன் உடலுக்கு உணர்த்துகின்றது.

சினைக்காலம் ஏறக்குறைய 310 நாட்கள். ஐப்பசியில் சினையான எருமை மறு ஆவணியில் கன்று ஈனும். ஈன்ற சில வாரங்களில் பால் உச்சத்தை எட்டும். ஆதலின், பல எருமைகள் ஒருங்கே கறக்கும் காலம் குளிர்காலமாக அமைகின்றது. அப்போது பசுந்தீவனமும் கிடைப்பதால் பால் மேலும் பெருகும். கோடை வருவதற்குள் அவற்றுள் பல வற்றத் தொடங்கிவிடும்.

கோடையில் எருமை படும் துன்பமும் பெரிது. அதன் கருந்தோல் வெப்பத்தை ஈர்க்கும். வியர்வைச் சுரப்பிகளோ குறைவு. அக்காலத்தில் பருவத்துக்கு வந்தாலும் கத்தாமல், அறிகுறி காட்டாமல் நின்றுவிடும். இதனை ஊமைப் பருவம் என்பர். பருவம் ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒரு முறையே வரும். ஒரு நாளளவே நீடிக்கும். கவனியாது விட்டவர் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.

நுகர்வோருக்கு இது தட்டுப்பாடு என்றால், உழவருக்கோ வாழ்வின் கேள்வி. இன்றைய குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-ஆம் ஆண்டு தோன்றிய பால் கூட்டுறவுச் சங்கம் பம்பாய்க்குப் பால் அனுப்பி வந்தது. குளிர்காலத்தில் குவிந்த பால் முழுவதையும் அந்நகரம் ஏற்கவில்லை. கறந்த பாலை வாங்குவாரின்றி ஏழைக் குடும்பங்கள் கலங்கின. எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று அயல்நாட்டு வல்லுநர்கள் கூறி வந்த காலம் அது. சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியனும், அவருடைய தோழர் எச்.எம். தலாயாவும் அதனை இயலும் என்று காட்டினர். 1955 அக்டோபர் 31 அன்று ஆனந்த் நகரில் பால்பொடித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். மார்கழிப் பாலைச் சித்திரைக்குச் சேமிக்கும் வழி அவ்வாறு பிறந்தது.

எருமையின் இயல்பை அறவே மாற்ற இயலாது, ஓரளவு தணிக்கலாம். நிழல், குளிப்பாட்டுதல், பசுந்தீவனம், இரவிலும் விடியலிலும் பருவம் பார்த்தல் ஆகியவை கோடையிலும் சினை பிடிக்க உதவும். ஊரில் எருமை வைத்திருக்கும் உறவினருக்கு அன்பர்கள் இதனை எழுதலாம். நம் இல்லத்தரசியரோ, அடுத்த கோடையில் பால்காரரைக் கடிந்துகொள்ளுமுன் ஆவணியில் ஈன்ற எருமையையும் சற்றே நினைத்துக்கொள்வார்களாக.