பத்தாயிரத்தில் ஒன்று

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோமா? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி இரத்தச் சிவப்பணுக்கள் உள்ளன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள். பிறகு அது சிதைந்துவிடும். ஆனால் மொத்த எண்ணிக்கை குறைவதில்லை. அப்படியானால் ஒவ்வொரு விநாடியும் எத்தனை சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்க வேண்டும்? 120 நாள்களை விநாடிகளாக மாற்றி வகுத்துப் பாருங்கள். விடை, சுமார் 24 லட்சம்! இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு பெரிய நகரத்தின் மக்கள்தொகை அளவுக்குச் சிவப்பணுக்கள் பிறந்துவிடுகின்றன.

இவை எங்கிருந்து வருகின்றன? சிவப்பணுவில் உட்கரு இல்லை. ஆகவே அது தானாகப் பிரிந்து பெருக இயலாது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தம் பிறக்கும் இடம். அங்கே சில மூல உயிரணுக்கள் இருக்கின்றன. வாழை மரத்தைப் பாருங்கள். வெளி இலைகள் காய்ந்து தொங்கும். நடுவிலிருந்து குருத்து வந்துகொண்டே இருக்கும். அதுபோலவே இந்த உயிரணுக்களுக்கும் ‘குருத்தணுக்கள்’ என்று பெயர்.

குருத்தணு இரண்டு வேலைகளைச் செய்கிறது. தன்னைப் போன்ற குருத்தணுவை உண்டாக்கித் தன் இனத்தைக் காத்துக்கொள்கிறது. அத்துடன், ‘முன்னோடி உயிரணுக்கள்’ என்னும் வேறு வகையையும் தோற்றுவிக்கிறது. முன்னோடிகள் மளமளவென்று பெருகிச் சிவப்பணுவாகவோ வெள்ளணுவாகவோ இரத்தத் தட்டாகவோ மாறும். ஆனால் அவற்றின் பெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. குருத்தணுதான் நெடுங்காலம் நீடிப்பது.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இரத்தத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். குருத்தணு இருப்பதைச் சோதனையால் காட்டிய இருவரில் ஒருவர் இயற்பியலாளர்! அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

காணமுடியாததை எண்ணுவது எப்படி?

ஒரு பானை நிறையப் பழைய விதை இருக்கிறது. எது உயிருள்ளது, எது செத்தது என்று பார்த்தால் தெரியுமா? தெரியாது. உழவர் என்ன செய்கிறார்? நூறு விதைகளை ஈரத்துணியில் கட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணுகிறார். குருத்தணுவின் நிலையும் இதுவே. நுண்நோக்கியில் பார்த்தால் அது மற்ற உயிரணுக்களைப் போலவே தெரியும். முளைக்க வைத்துத்தான் அதை அறிய முடியும்.

கனடாவின் டொரண்டோ நகரில் உள்ள ஒண்டாரியோ புற்றுநோய் நிலையத்தில் ஜேம்ஸ் டில் என்ற இயற்பியலாளரும், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற மருத்துவரும் சேர்ந்து பணியாற்றினர். மஜ்ஜை உயிரணுக்கள் எவ்வளவு கதிர்வீச்சைத் தாங்கும் என்று அளப்பதே அவர்களது நோக்கம். சுண்டெலிகளின் சொந்த மஜ்ஜை அழியும் அளவுக்குக் கதிர்வீச்சைச் செலுத்தினர். பிறகு வேறு எலிகளிலிருந்து எடுத்த மஜ்ஜை உயிரணுக்களை ஊசி மூலம் ஏற்றினர். சில எலிகளுக்குக் குறைவாக, சிலவற்றுக்கு அதிகமாக.

பத்தாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெக்கல்லக் சோதனைச்சாலைக்கு வந்து எலிகளின் மண்ணீரலைப் பார்த்தார். அதில் சிறுசிறு முண்டுகள் இருந்தன! அவற்றை எண்ணி, ஏற்றிய உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு எதிராக வரைபடம் வரைந்தார். கிடைத்தது ஒரு நேர்கோடு. சுமார் 10,000 மஜ்ஜை உயிரணுக்களுக்கு ஒரு முண்டு. இருவரும் இதை 1961-இல் வெளியிட்டனர்.

நேர்கோடு நமக்கு என்ன சொல்கிறது? ஒரு முண்டு உருவாக இரண்டு உயிரணுக்கள் தற்செயலாகச் சந்திக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உயிரணுக்களை இரு மடங்காக்கினால் முண்டுகள் நான்கு மடங்காகும், கோடு வளைந்துவிடும். கோடு வளையவில்லை. ஆகவே, ஒரு முண்டுக்கு ஓர் உயிரணு போதும் என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகம் நிரூபணமாகாது. பல உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகப் போயிருந்தால்?

இந்த ஐயத்தை 1963-இல் ஆண்ட்ரூ பெக்கர் என்ற ஆய்வு மாணவர் தீர்த்துவைத்தார். கதிர்வீச்சினால் குரோமோசோம்கள் உடைந்து கோணல்மாணலாக ஒட்டிக்கொள்வது உண்டு. ஒவ்வோர் உயிரணுவிலும் இந்தக் கோணல் வெவ்வேறாக இருக்கும். கைரேகை போன்ற ஓர் அடையாளம்! அத்தகைய அடையாளம் தென்பட்ட முண்டுகளில், பிரிந்துகொண்டிருந்த உயிரணுக்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கோணல்தான் இருந்தது. அனைத்தும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பது உறுதியாயிற்று.

அறிவியல் அத்துடன் நின்றுவிடவில்லை. பத்து நாளில் தோன்றும் முண்டுகளில் பெரும்பாலானவை முன்னோடிகளின் வேலை என்று பின்னர் தெரியவந்தது. உண்மையான குருத்தணுக்கள் இன்னும் அரியவை. எனவே சோதனையும் கடுமையாயிற்று. மாதக்கணக்கில் இரத்தம் ஊற வேண்டும். அந்த எலியின் மஜ்ஜையை இன்னோர் எலிக்கு மாற்றினால் அங்கும் ஊற வேண்டும். 1988-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இர்விங் வெய்ஸ்மன் குழுவினர் எலியின் இரத்தக் குருத்தணுக்களைத் தனியே பிரித்தெடுத்தனர்.

நோயாளிக்கு என்ன பயன்?

இரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவரின் பழுதுற்ற மஜ்ஜையை அழித்துவிட்டு, பொருத்தமான கொடையாளியின் மஜ்ஜையைச் செலுத்துகிறார்கள். எலும்பைத் துளைத்து வைப்பதில்லை. இரத்தம் ஏற்றுவது போலச் சிரை வழியே ஏற்றினால் போதும். குருத்தணுக்கள் தாமே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் குடியேறுகின்றன. இம்முறையை வளர்த்த டொனால் தாமஸ் 1990-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் நாட்டில் இந்தச் சிகிச்சை மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-இலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலும் தொடங்கியது. கொடுப்பவருக்கு நட்டமில்லை. கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

ஆனால், நோய்க்கும் குருத்து உண்டு! 1994-இல் அதே டொரண்டோ நகரில் ஜான் டிக் குழுவினர் ஒருவகை இரத்தப் புற்றணுக்களை எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தனர். சுமார் 2,50,000 புற்றணுக்களில் ஒன்றுதான் நோயைப் புதிதாக முளைக்கவைத்தது. சிகிச்சையில் மற்றவை எல்லாம் அழிந்தும் இந்த ஒன்று தப்பிவிட்டால்? மேலே வெட்டிய கோரை மறுபடியும் தழைக்குமல்லவா? குணமானதுபோல் தோன்றிய நோய் சிலருக்குத் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘குருத்தணுவால் எல்லா நோயும் தீரும்’ என்னும் விளம்பரங்களை இன்று நீங்கள் காணக்கூடும். இரத்த நோய்கள் பலவற்றில் அதன் பயன் உறுதியாகியுள்ளது. மற்ற இடங்களில், ‘எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? எத்தனை பேர் குணமடைந்தார்கள்? எப்படி எண்ணினீர்கள்?’ என்று கேளுங்கள்.

எண்ணிப் பழக ஓர் எளிய வழி சொல்கிறேன். வறுத்த பச்சைப்பயறு மூன்று பங்கு, வறுக்காதது ஒரு பங்கு எடுத்து நன்றாகக் கலந்துவிடுங்கள். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 20, 40, 80 என மூன்று குவியல்களை எடுத்து, தனித்தனி ஈரத்துணிகளில் கட்டி வையுங்கள். இரண்டு நாள் கழித்து முளைகளை எண்ணி வரைபடம் வரையுங்கள். புள்ளிகள் சற்று முன்பின்னாக இருந்தாலும் ஒரு நேர்கோட்டை ஒட்டியே அமையும். அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கல்லக் வரைந்ததும் இப்படிப்பட்ட ஒரு கோடுதான்.