உப்புப் பாக்கெட்டும் பி.பி. மாத்திரையும்

"தலைசுத்தல் நின்னுபோச்சு, மாத்திரையை விட்டுட்டேன்." களமருதூர் மாதிரி ஊர்களில் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். நின்றது தலைசுற்றல் மட்டுமே. ரத்தக் கொதிப்பு உள்ளே இருந்தபடி ரத்தக் குழாய்களைக் கெடுத்து, ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்து நிற்கும்.

தமிழகத்தில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது மாறாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது இதற்காகத்தான். தன்னார்வலர் வீடு தேடி வந்து பி.பி., சுகர் பார்ப்பார். தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரையையும் கொடுப்பார். காசு கிடையாது. ஆனால் அவர் வரும் நேரத்தில் ஆண்கள் வயலிலோ டீக்கடையிலோ இருப்பார்கள். திட்டத்தின் ஓட்டை அங்கேதான் என்பேன்.

மாத்திரையோடு, ரத்தக் கொதிப்பை ஏற்றும் உப்பையும் குறைக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் கருவாடும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

சாப்பாட்டுப் பழக்கத்தை ஊரே மாற்ற முடியுமா என்றால், முடியும். பின்லாந்தின் வட கரேலியாவில் 1972-லிருந்து மருத்துவர்கள் இல்லத்தரசிகள் சங்கங்களையும் பால் பண்ணைகளையும் தேடிப் போய் ஊரின் சாப்பாட்டையே மாற்றினார்கள். சுமார் நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

நெஞ்சு அடைத்து, வியர்த்து, இடது கை வலித்தால் "வாயு" என்று சோடா குடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். கல்வராயன் மலையிலிருந்து கீழே இறங்கவே நேரம் பிடிக்கும். அங்குள்ளவர்கள் இன்னும் முந்த வேண்டும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டப்படி, மாரடைப்பு அறிகுறி உள்ளவருக்கு அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

அவசரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாத்திரை வரவில்லையா, திருப்பி அனுப்புகிறார்களா? 104-க்குச் சொல்லுங்கள், அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100.

அடுத்த முறை தன்னார்வலர் வரும்போது, வயலுக்குக் கிளம்பும் ஆண்களைப் பத்து நிமிடம் நிறுத்திக் கை நீட்டச் சொல்லுங்கள்.