மோட்டார் வண்டியின் கண்ணிற் படர்ந்த படலம்

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள், கொடிகாமத்தில் உறவினர் வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு குடும்பத்துடன் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை தூறி ஓய்ந்திருந்தது, பொழுதும் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த எம் மனைவியார் திடீரென்று, "இஞ்சாருங்கோ, ஆள்! ஆள்!" என்று அலறினார். பிரேக்கை மிதித்தோம். வண்டிக்கு மிக அண்மையில், சைக்கிளில் ஓலைக் கட்டொன்றை ஏற்றி உருட்டியபடி முதியவர் ஒருவர் திகைத்து நின்றார். நடுங்கியவாறு இறங்கி மன்னிப்புக் கேட்ட எம்மை அவர் ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, இருட்டிப் போச்சு. லைற்றைப் போட்டுக்கொண்டு வரக்கூடாதோ?" என்றார்.

விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்தோம்!

மறுநாட் காலையில் வண்டியின் முன்னே நின்று பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. விளக்குகள் இரண்டும் பழுத்த இலைபோல மஞ்சள் பூத்துக் கிடந்தன. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக மங்கியதால் எம் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது.

பழைய வண்டிகளின் விளக்குகளுக்குக் கண்ணாடியே மூடியாக இருந்தது. அது உடையுமேயன்றி மஞ்சளாகாது. இன்றைய மூடியோ பொலிகாபனேற்று எனும் பிளாஸ்ரிக்கினால் ஆனது. 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட இப்பொருள் எளிதில் உடையாது. விரும்பிய வடிவுக்கு வளைந்து கொடுக்கும். ஆயினும் வெயிலின் கழியூதாக் கதிர்களுக்கு ஆற்றாது. ஆதலால் தொழிற்சாலையிலேயே அதன்மீது மெல்லிய காப்புப் பூச்சொன்றைப் பூசிவிடுகின்றனர். வெயிலும் புழுதியும் அப்பூச்சை அரித்த பின்னர், கதிர்களும் காற்றிலுள்ள ஒட்சிசனும் பிளாஸ்ரிக்கைத் தாக்குகின்றன. மேற்பரப்பு மஞ்சளாகிறது, நுண்ணிய வெடிப்புகள் ஒளியைச் சிதறடிக்கின்றன.

இழப்புச் சிறிதன்று. அமெரிக்காவின் ஏஏஏ எனும் மோட்டார் வாகனக் கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதினொரு ஆண்டு பழைய வண்டிகளின் மங்கிய விளக்குகள், தாழ்த்திய ஒளியில், புதியவை தரும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 22 வீதத்தையே தந்தன. தேய்த்துச் சீர்செய்தபின் அது ஏறத்தாழ 70 வீதமாக உயர்ந்தது. நம் நாட்டிலோ 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. பழைய வண்டிகளைப் பேணியே காலங்கழித்த எம்போன்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

முதலில் அயலவர் சொற்கேட்டுப் பற்பசையால் தேய்த்தோம். அன்று பளிச்சிட்டது, சில வாரங்களில் மீண்டும் மங்கிற்று. பற்பசை மேலழுக்கைச் சிறிது உராய்ந்து நீக்குமேயன்றி, போன காப்பை மீட்டுத் தராது. நுளம்பு விரட்டும் திரவத்தைப் பூசுவாரும் உளர். அது பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பையே கரைப்பது, அதனை விலக்குக.

முறையான வழி இது. விளக்கைச் சவர்க்கார நீரால் நன்கு கழுவி, சுற்றியுள்ள வர்ணத்தின்மீது ஒட்டுநாடாவை ஒட்டுக. பின்னர், நீரில் நனைத்துத் தேய்க்கும் சாண்ட்பேப்பரில் 800 அல்லது 1000 இலக்கத் தாளை எடுத்து, ஓயாது நீர் தெளித்தபடி ஒரே திசையில் மென்மையாகத் தேய்க்க வேண்டும். மஞ்சள் நீர் வடியும். அது வெண்ணிறமானதும் 2000, அதன்பின் 3000 இலக்கத் தாள்களால், முன்னைய கீறல் மறையுமட்டும் தேய்க்க வேண்டும். இந்நிலையில் விளக்குப் பால்போல வெளுத்திருக்கும், அஞ்ச வேண்டியதில்லை. பொலிஷ் இட்டுத் துணியால் வட்டமாகத் தேய்க்கத் தெளிவு பிறக்கும்.

இதனோடு நிறுத்துபவர் பாதி வழியில் நின்றவராவர். காப்பிழந்த பிளாஸ்ரிக் முன்னிலும் விரைவாக மங்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோலால் பொலிஷின் எண்ணெய்ப் பிடிப்பைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின், விளக்குகளுக்கென விற்கும் கழியூதாக் காப்புப் பூச்சை நிழலில், தூசி படாத இடத்தில் பூசுக. பெற்றோலோ தின்னரோ விளக்கிற் படலாகாது. உட்புறம் நீர் கோத்திருந்தாலோ, உள்ளேயுள்ள பிரதிபலிப்பான் கறுத்திருந்தாலோ இம்முறை பயன்தராது. மெக்கானிக்கிடமே செல்ல வேண்டும்.

நாமும் மூத்த மகனும் ஒரு சனிக்கிழமை முழுவதும் இவ்வேலையில் ஈடுபட்டிருந்ததைத் திண்ணையிலிருந்து எம் தாயார் பார்த்துக்கொண்டிருந்தார். 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், பொழுது படுமுன் லாந்தர்ச் சிமினியைச் சாம்பலால் துடைத்து வைப்பது சிறுவராயிருந்த எம் கடமை. மறந்த நாட்களில் ஏச்சும் கிடைக்கும். அவ்விளக்கொளியிலேயே படித்து ஆளானோம். "அப்ப ஒவ்வொரு நாளும் துடைச்சனீ. இப்ப ஆளை இடிக்கப் போன பிறகுதான் துடைக்கிறாய்" என்றார் அன்னையார். மறுமொழி கூற எம்மிடம் ஒன்றுமில்லை.

அன்றிரவு வண்டியை மதிலை நோக்கி நிறுத்தி விளக்கைப் போட்டோம். மதிலிற் படிந்த பாசியும் தெளிவாகத் தெரிந்தது. அந்த முதியவர் இப்போதும் அவ்வழியே சைக்கிளை உருட்டிச் செல்வார். அவரது சைக்கிளில் விளக்கில்லை. அவருக்கும் சேர்த்தே எம் விளக்கு எரிய வேண்டும். வாசகர்களே, இன்று பொழுது படுமுன் உங்கள் வண்டியின் முன்னே ஒருமுறை நின்று பாருங்கள்.