ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு

தமிழகத்தில் காவல் நிலையத்திற்குப் புகாருடன் சென்று திரும்பும் ஒருவரின் கையில் பெரும்பாலும் இருப்பது, பேச்சு வழக்கில் சி.எஸ்.ஆர். ரசீது எனப்படும் தாள். சமுதாயப் பணிப் பதிவேடு என்னும் பதிவேட்டில் மனுவுக்கு வரிசை எண் இட்டுக்கொண்டதற்கான ஒப்புகை அது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதைப் பெற்றவரோ வழக்குப் பதிவாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார். விசாரணை நடக்கிறது என்ற நம்பிக்கையில் வாரங்களைக் கழித்த பிறகுதான், சட்டத்தின் கணக்கில் தம் வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்று அறிகிறார். சட்டம் கேட்பது முதல் தகவல் அறிக்கையை. மனு ரசீதால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154ஆம் பிரிவாக இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவாக இடம் பெற்றுள்ளது. பிடியாணை வேண்டாக் குற்றம் ஒன்று நடந்ததாக நிலையப் பொறுப்பு அதிகாரியிடம் எவர் தகவல் தந்தாலும், வாய்மொழியாகத் தந்தால் அதை எழுதி, தந்தவருக்குப் படித்துக் காட்டி, அவருடைய கையொப்பம் பெற்று, அதன் சாரத்தை உரிய புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது அப்பிரிவின் கட்டளை. நீதித்துறை நடுவரின் பிடியாணைக்குக் காத்திராமல் காவல் அதிகாரி தாமே கைது செய்யவும் புலனாய்வைத் தொடங்கவும் சட்டம் இடம் தரும் குற்றங்களே பிடியாணை வேண்டாக் குற்றங்கள். கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை, நகைப் பறிப்பு, ஏமாற்றிப் பணம் பறித்தல் ஆகியவை அவ்வகையின. அவதூறும் சாதாரணக் காயம் விளைவித்தலும் அவ்வகையில் சேரா. எந்தக் குற்றம் எந்த வகை என்பதை அச்சட்டத்தின் முதல் அட்டவணை வரிசையாகச் சொல்கிறது.

அந்த அட்டவணையில் பொதுமக்கள் கவனிக்கத் தவறும் மாற்றம் ஒன்றும் உண்டு. திருட்டு பொதுவாகப் பிடியாணை வேண்டாக் குற்றமாகவே தொடர்கிறது; ஆனால் களவு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால் சமுதாயச் சேவையே தண்டனை என்று பாரதிய நியாய சன்ஹிதா வகுத்திருப்பதால், அந்தச் சிறு திருட்டை அட்டவணை மற்ற வகையில் வைத்துள்ளது. பழைய கைப்பேசியையோ மிதிவண்டியையோ இழந்தவர் புகாரில் பொருளின் மதிப்பை எழுதும்போது, வாங்கிய விலை, பில், இன்றைய மதிப்பு ஆகியவற்றை உண்மையாகவும் தெளிவாகவும் குறிப்பிட வேண்டியதன் காரணம் இதுவே. பிடியாணை வேண்டும் வகைக் குற்றமாயினும் புகாரைத் திருப்பி அனுப்பிவிட முடியாது. 174ஆம் பிரிவின்படி அதன் சாரத்தைத் தனிப் புத்தகத்தில் பதிந்துகொண்டு, புகார்தாரரை நடுவரிடம் செல்லுமாறு அனுப்ப வேண்டும். நடுவரின் ஆணை கிடைத்தால் காவல்துறை புலனாய்வு செய்யலாம்.

பதிவது கட்டாயமா, அல்லது அதிகாரியின் விருப்பத்திற்கு உட்பட்டதா என்ற கேள்வி நீதிமன்றங்களில் நெடுங்காலம் இருவேறு விடைகளைப் பெற்று வந்தது. உத்தரப் பிரதேசத்தின் காஜியாபாத் பகுதியில் கடத்தப்பட்ட ஒரு சிறுமியின் தந்தை 2008 மே மாதம் கொடுத்த புகார், மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை அணுகும் வரை பதியப்படாமல் கிடந்ததிலிருந்து எழுந்த லலிதா குமாரி வழக்கில்தான் அதற்கு முடிவு கிடைத்தது. 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப. சதாசிவத்தின் தலைமையில் தீர்ப்பளித்தது. தகவல் பிடியாணை வேண்டாக் குற்றத்தை வெளிப்படுத்துமானால் பதிவு கட்டாயம். தகவல் உண்மையா, நம்பத்தக்கதா என்று பதிவுக்கு முன் எடை போடும் அதிகாரம் காவல் அதிகாரிக்கு இல்லை. குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், காரணமின்றி மூன்று மாதத்திற்கு மேல் தாமதித்த புகார் போன்றவற்றில் மட்டும், குற்றம் வெளிப்படுகிறதா என்று பார்க்கும் அளவுக்கு முன் விசாரணை செய்யலாம் என்பன அதன் சாரம். சட்டம் கேட்பது முதல் தகவல் அறிக்கைப் புத்தகத்தில் பதிவதையே, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதிக்கொள்வது அதற்கு ஈடாகாது என்று அமர்வு தனியே விளக்கியிருப்பது, மனு ரசீதோடு திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நினைவில் கொள்ளத்தக்க பகுதி.

இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பின்னும் பழைய வழக்கம் நீடிப்பதற்குக் காரணம் ஒருசில அதிகாரிகளின் மனப்போக்கு மட்டும் அன்று. பதிவான வழக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஒரு நிலையத்தின் திறமை அளக்கப்படும் வரையில், பதியாமல் இருப்பதே நிலையத்திற்கு நல்ல பெயர் தரும். பதிந்த வழக்கு ஒவ்வொன்றும் புலனாய்வு, குற்றப் பத்திரிகை, நீதிமன்ற அலைச்சல் என்று ஆள் பற்றாக்குறையுள்ள நிலையத்தின் சுமையைக் கூட்டும். மனு விசாரணை என்ற பெயரில் இரு தரப்பையும் வரவழைத்துச் சமாதானம் பேசி அனுப்பும் முறை இந்தச் சூழலில்தான் செழிக்கிறது. வரப்புத் தகராறுகளில் அது உதவக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. பணம் பறிகொடுத்தவரையும் அடிபட்டவரையும் அதே பெஞ்சில் உட்கார வைப்பது சட்டம் தராத அதிகாரம்.

புதிய சட்டம் இந்த வழக்கத்திற்கு ஒரு பக்கவாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல், ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டிக்கத்தக்க குற்றமாயின், துணைக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதி பெற்று, முதல் நோக்கில் வழக்குக்கு இடம் உண்டா என்று அறிய 14 நாளுக்குள் முன் விசாரணை செய்யலாம் என்கிறது 173ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. லலிதா குமாரி தீர்ப்பு அனுமதித்த முன் விசாரணையைவிட இது அகலமானது. 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், பேச்சும் எழுத்தும் தொடர்பான குற்றச்சாட்டுகளில் கருத்துரிமையைக் காக்க இந்த முன் விசாரணை பயன்பட வேண்டும் என்றது; கவிதை ஒன்றைப் பகிர்ந்ததற்காகப் பதியப்பட்ட வழக்கு அது. ஒருவரைக் காக்கும் அதே உட்பிரிவு, திருட்டுக் கொடுத்தவரை இரண்டு வாரம் காக்க வைக்கவும் பயன்படலாம். ஆகவே, முன் விசாரணை நடக்கிறது என்று சொல்லப்பட்டால், உயர் அதிகாரியின் அனுமதி பெறப்பட்டதா, எந்த நாளில் தொடங்கியது என்ற இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சில குற்றங்களில் பதிய மறுப்பதே குற்றம். பாலியல் வன்முறை, அமில வீச்சு, ஆள் கடத்தி விற்றல் முதலான குற்றங்களைப் பற்றிய தகவலைப் பதியத் தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்திற்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான கடுங்காவல் தண்டனையை பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு விதிக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் பதிவுக்கு முன் விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டின் திருத்தம் தெளிவாக்கியுள்ளது. பாலியல் குற்றத்திற்கு ஆளான பெண்ணின் தகவலைப் பெண் அதிகாரியே பதிய வேண்டும்.

குற்றம் எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்ற பதிலும் இனிச் செல்லாது. எந்த இடத்தில் நடந்த குற்றமாயினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று 173ஆம் பிரிவே சொல்வதால், ஓடும் ரயிலில் பையைப் பறிகொடுத்தவர் இறங்கிய ஊரிலேயே புகார் தரலாம்; அங்கே பூஜ்ய எண்ணிட்டுப் பதியப்படும் அறிக்கை, பின்னர் உரிய நிலையத்திற்கு அனுப்பப்படும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று வழங்குவது இதுவே. மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் கையொப்பமிட்டால்தான் அது பதிவாகும்.

பதிவான அறிக்கையின் நகல் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ கட்டணமின்றித் தரப்பட வேண்டும். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுண்ணிய வழக்குகள் நீங்கலாக, அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஆணையிட்டதால், குற்றஞ்சாட்டப்பட்டவரும் தம் மீது என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை அறிய வழி உண்டு. புகாரை எழுதுவோர் அதன் நடையழகைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நாள், நேரம், இடம், நடந்தது, பார்த்தவர்கள், தாமதம் நேர்ந்திருந்தால் அதன் காரணம் ஆகியவை இருந்தால் போதும். இவற்றுள் தாமதத்தின் காரணத்தைத்தான் பலரும் எழுதாமல் விடுகின்றனர். பின்னாளில் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பற்றுவதும் அதையே. அறிக்கை தன்னளவில் முழுச் சான்று ஆகாது. தகவல் தந்தவரின் சாட்சியத்தை வலுப்படுத்தவோ முரண்படுத்திக் காட்டவோ மட்டுமே அது பயன்படும் என்பதால், மிகையாக எழுதுவது புகார்தாரரையே திருப்பித் தாக்கும். தெரிந்தே பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரியது.

நிலையம் மறுத்தால் சட்டம் காட்டும் வழி படிப்படியானது. முதலில், தகவலின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாயின் ஆணையரகத்தின் உரிய அதிகாரிக்கு, தபாலில் அனுப்ப வேண்டும். தபால் ரசீதும் ஒப்புகையும் அடுத்த படிக்குச் சான்றாகின்றன. அங்கும் பலன் இல்லையேல், 175ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்கீழ் நடுவரிடம் மனு செய்யலாம். மனுவோடு உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும் என்று 2015இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இப்போது சட்டத்திலேயே சேர்ந்துள்ளது. வழக்குப் பதிய ஆணையிடக் கோரி நேரே உயர் நீதிமன்றத்திற்கு ஓடும் பழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தாலும், நடுவர் நீதிமன்றமே உரிய இடம் என்று 2007இல் சாகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. செலவு கருதியும் அதுவே ஏழைப் புகார்தாரருக்கு ஏற்றது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

பதிவோடு புகார்தாரரின் உரிமை முடிந்துவிடுவதில்லை. புலனாய்வு எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிப்பது அதிகாரியின் கடமை. வழக்குக்கு இடமில்லை என்று காவல்துறை முடிவறிக்கை தாக்கல் செய்தால், அதை ஏற்குமுன் நடுவர் புகார்தாரருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பது 1985 முதல் நிலைபெற்ற விதி. அந்த முடிவறிக்கையைப் பற்றி ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்ற பெயரில் வரும் தாளை வெறும் தகவல் என்று மடித்து வைத்துவிடுபவர்கள், எதிர்ப்பு மனு தாக்கல் செய்யும் வாய்ப்பை அறியாமலே இழக்கின்றனர்.

காவல் நிலையத்தில் தரப்படும் தாளைப் படியிறங்கி வரும்போதே படித்துப் பார்க்க வேண்டும்: முதல் தகவல் அறிக்கை என்ற தலைப்பும், குற்ற எண்ணும், சட்டப் பிரிவும் அதில் இருந்தால் வழக்கு தொடங்கிவிட்டது; மனு எண் மட்டுமே இருந்தால், அன்றைக்கே உயர் அதிகாரிக்கான கடிதத்தை எழுதத் தொடங்குங்கள்.